குறி தப்பாத தோட்டா: கட்சிகளும் கணக்குகளும்

புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் சுட்டார். அவர் பயன்படுத்தியது ஷாட்கன். 24 கிராம் ஈயச் சிறுகுண்டுகள் அடைத்த தோட்டா. ரைஃபிளின் கணக்கு வேறு. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர்தான். கை நடுங்காவிட்டாலும் தோட்டா சரியில்லை என்றால் புள்ளி போய்விடும். நம் மாவட்டத்தில் ரைஃபிள் பழகும் பிள்ளைகள் தோட்டா பற்றிய மரபுகளையும் அறிய வேண்டும்.

மூத்த மரபு அமெரிக்க பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் வளர்ந்தது. துப்பாக்கியை மேசைமேல் தாங்கி வைத்து, ஐந்து குண்டையும் ஒரே துளையில் அனுப்பப் பார்ப்பார்கள். ரெமிங்டன் ஆலையின் மைக் வாக்கர் உருவாக்கி 1950-இல் வந்த .222 தோட்டா அங்கே நெடுநாள் கோலோச்சியது. பிறகு பால்மிசானோ, பிண்டெல் இருவரும் வடிவமைத்த குட்டைத் தோட்டாவான 6 பிபிசி அந்த இடத்தைப் பிடித்தது. தோட்டாவை வீரரே நிரப்பிக்கொள்வார். சுட்ட பித்தளைக் கூட்டில் தீ மூட்டும் பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, வாயைச் சீவி, புது பிரைமர், அளந்த மருந்து, குண்டு என வரிசையாக ஏற்றுவார். சுட்ட கூடு அந்தத் துப்பாக்கியின் அறைக்கு ஏற்ப விரிந்திருக்கும் என்பதால் கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும் என்பது ஒரு கட்சி. தோளையும் மயிரிழை பின்தள்ளி முழுக் கூட்டையும் சீராக்க வேண்டும் என்பது எதிர்க்கட்சி. இன்று போட்டியாளரில் பெரும்பாலோர் இரண்டாம் பக்கமே.

மருந்தின் அளவைத் தேடுவதிலும் இரு வழிகள் உண்டு. கிரெய்ட்டன் ஆடெட்டின் ஏணிச் சோதனையில் மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தொலைவில் ஒவ்வொரு குண்டாகச் சுடுவார்கள்; அடுத்தடுத்த சில குண்டுகள் ஒரே உயரத்தில் விழும் இடமே நல்ல இடம். டான் நியூபெரி, மருந்து சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் குண்டுகள் விழும் குழுவின் மையம் நகராத அளவைத் தேடச் சொல்கிறார். அளவில் வரும் சிறு பிழையை அந்த இடம் பொறுத்துக்கொள்ளும் என்பதால் எனக்கு இந்த எண்ணமே பிடிக்கிறது. ஆனால் மூன்று குண்டு நெருங்கி விழுந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதுவதை ஏற்க முடியாது. அதே அளவில் நிரப்பிய தோட்டாக்களை மறுநாள் சுட்டால் அந்தக் குழு இரண்டு மடங்கு அகலலாம். பத்துப் பத்தாகப் பல குழுக்கள் சுட்டுப் பார்ப்பதே நியாயமான அளவுகோல்.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அதுவும் போக, நம் பிள்ளைகள் சுடும் .22 தோட்டாவை மறுபடி நிரப்பவும் வழியில்லை. அதைப் பற்றவைக்கும் வெடிப்பொருள் தனிப் பிரைமரில் இல்லை, கூட்டின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கிறது. சுடும் ஊசி விளிம்பை நசுக்கிய பிறகு அந்தக் கூடு எதற்கும் ஆகாது.

ஆகவே நமக்கு வாய்த்தது லாட் (தயாரிப்புத் தொகுதி) சோதனை. ஈலி, லாபுவா போன்ற ஆலைகளில் வீரரின் துப்பாக்கியைப் பிடியில் இறுக்கிவைத்து, வெவ்வேறு லாட் எண்களில் குழுக்கள் சுட்டுப் பார்ப்பார்கள். பெட்டியில் பெயரும் விலையும் ஒன்றே. ஆனாலும் ஒரு லாட் ஒரு குழலில் கொத்தாக விழும், அடுத்த லாட் சிதறும். ஏன் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது, சுட்டுத்தான் பார்க்க வேண்டும். பாரிஸில் சுவப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் பிரிவும் இந்த .22-க்கு உரியதே.

ஏர் ரைஃபிள் பழகுவோர் பெல்லட்டிலிருந்து தொடங்கலாம். தலை அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் எனத் தகரடப்பாவிலேயே அச்சிட்டிருக்கும். ஒவ்வொன்றையும் விரலில் உருட்டி, பாவாடைபோல் விரிந்த பின் ஓரம் நெளிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நெளிந்ததைப் போட்டிக்கு வைக்காதீர்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கென்று இன்னொன்று. வெப்பத்தில் மருந்து வேகமாக எரியும், குண்டின் வேகமும் மாறும். மார்கழிக் காலையில் தேர்ந்த .22 லாட்டைச் சித்திரையில் ஒருமுறை மறுபடி சுட்டுப் பாருங்கள். லாட் எண், நாள், வெயில் மூன்றையும் நோட்டில் எழுதிவையுங்கள். தோட்டாப் பெட்டியை வெயிலில் நிற்கும் காரில் விட வேண்டாம்.