நோய் எவருடையது?

மனநோயாளி ஒருவரையும் அவரைக் குணப்படுத்த வந்த வைத்தியரையும் எதிரெதிரே அமர்த்தி, அவ்விருவரின் சம்வாதத்தையே கதையாக்கும் கலை நமக்கு அந்நியமான சரக்கு என்றும், மேனாட்டு நாடகங்களின் நிழலிலும் ‘மணிச்சித்திரத்தாழ்’ என்ற மலையாளப் படத்தின் தயவிலுமே அது இங்கு முளைத்தது என்றும் விமர்சகர் சிலர் அண்மைக்காலமாகச் சாதித்து வருகின்றனர். மாத்தளையில் வாழ்பவனுக்கு இதை ஒப்புக்கொள்வது கடினம்.

மேனாட்டு வரலாறு யாவரும் அறிந்ததே. 1920இல் வெளிவந்த ‘கலிகாரி’ படத்தில் வைத்தியனே பைத்தியத்துக்கு அதிபதியானான், 1945இல் ஹிட்ச்கொக் திரையிலே மனோதத்துவத்தைத் துப்பறியும் கதையாகச் சுருக்கினார். 1973இல் பீற்றர் ஷாபரின் ‘எக்குவஸ்’ நாடகமே, ஆறு குதிரைகளின் கண்களைக் குருடாக்கிய சிறுவனை விசாரிக்கும் வைத்தியர், தம் சிகிச்சை அவனிடமிருந்து எதைப் பறிக்கிறது என்று தம்மையே விசாரிக்கும் நிலைக்கு உயர்ந்தது.

ஆனால் மாத்தளையை உள்ளடக்கிய கண்டி மலைநாட்டிலே, ‘கோஹொம்ப கங்காரிய’ என்னும் சிங்களச் சடங்குக்கூத்து இவற்றுக்கெல்லாம் வெகுகாலம் முந்தியது. அதன் கதை இது: தன் முதல் மனைவி குவேனிக்குக் கொடுத்த சத்தியத்தை மீறி, அவளைத் துரத்திவிட்டு மதுரைப் பாண்டியன் மகளை மணந்தவன், இலங்கையின் முதல் அரசன் என்று ஐதீகம் கூறும் விஜயன். ஆயினும் திவிதோஷம் என்ற வியாதி பற்றி, கனவிலே சிறுத்தையைக் கண்டு அலறுபவனோ அவனுக்குப் பின் அரசுகட்டிலேறிய தம்பி மகன் பண்டுவாசுதேவன். நோயுற்றவன் குற்றவாளியல்லன் என்பதும், முன்னோர் செய்த துரோகம் பின்னோரின் நித்திரையைக் கெடுக்கும் என்பதும், அதை நீக்க ஊரே கூடி இரவு முழுவதும் ஆட வேண்டும் என்பதும் இக்கூத்தின் சித்தாந்தம். இதைவிட ஆழ்ந்த நோய்நாடலை எந்த நவீன நாடகம் நமக்குத் தந்துவிட்டது?

இதனோடு ஒப்பிட, நம் திரை வைத்தியர்கள் பூசாரியின் உடுக்கைப் பறித்துக் கையிலே வைத்துக்கொண்டவர்கள் மாத்திரமே. 1993இல் மது முட்டம் எழுதி பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ சாமர்த்தியமான படம். ஷோபனாவின் நடிப்போ அசாத்தியமானது. எனினும் அதன் இறுதிக் கட்டத்தைக் கூர்ந்து நோக்குக: புகை எழுகிறது, பலகை சுழல்கிறது, கணவன் இருந்த இடத்தில் பொம்மை வருகிறது, தன்னை நாகவல்லி என்னும் நடனக்காரியாகவே எண்ணும் நாயகி அதை வெட்டித் திருப்தியடைகிறாள். நோயாளியை ஏமாற்றுவதே சிகிச்சை! அந்தத் தஞ்சாவூர் நடனக்காரியை முன்னொரு காலத்தில் கொன்ற குடும்பத் தலைவரான காரணவரின் வம்சத்தை எவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. 2005இல் பி. வாசுவின் ‘சந்திரமுகி’யில் வைத்தியரே கொடிய மன்னன் வேட்டையனின் வேஷமும் கட்டிக்கொள்ள, நோயாளி பின்னுக்குத் தள்ளப்படுகிறாள். மலையாளப் படத்தில் தமிழ் பேசிய ஆவி தமிழ்ப் படத்தில் தெலுங்கு பேசுகிறது. ஆங்காரம் எப்போதும் அண்டை வீட்டுப் பாஷையிலேதான் பேச வேண்டும் போலும். அதே ஆண்டின் ‘அந்நியன்’ படத்திலோ, நாசர் ஏற்ற வைத்தியரின் உத்தியோகம், நாயகனின் மூன்று வேஷங்களுக்கு நமக்கு வியாக்கியானம் செய்வதோடு தீர்ந்துபோகிறது.

இந்த ஆரவாரத்திலே மறக்கப்பட்டது குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘அன்னை இட்ட தீ’. யுத்தம் மனங்களில் இட்ட வடுக்களை, யுத்தத்தின் நடுவிலேயே, 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து மேடைக்குக் கொண்டுவந்த நாடகம் அது. மனநோய் மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் அம்மண்ணில் சிகிச்சை அறையிலே கண்டதை அரங்கமும் கண்டது: நோய் ஒரு தலைக்குள் மட்டும் குடியிருப்பதில்லை, குடும்பத்திலும் ஊரிலும் பரவிக் கிடக்கிறது. சலங்கையும் மாயக்கதவும் இல்லாத குற்றத்துக்காகவே நம் விமர்சகர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர்.

மலையகம் செல்ல வேண்டிய பாதையும் இதுவே. மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளைக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த கோப்பிக்காலத்துத் தொழிலாளர் எண்ணற்றோர், காலராவாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். அவர்கள் சந்ததியார் 1983 ஜூலை இனக்கலவரத்தில் தீயைக் கண்டனர். லயத்து வாசலில் கோடாங்கியின் முன் அமர்ந்து தலைவிரித்தாடும் பெண்ணுக்குள் இருப்பது எந்தப் பேய் என்று கேட்கும் நாடகங்கள் போதும். எவர் மீறிய சத்தியம் அவளைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று கேட்கும் வைத்தியரை நம் நாடகாசிரியர் இனிச் சிருஷ்டிக்கட்டும். அதற்கான இலக்கணத்தைத் தேடி அவர்கள் லண்டனுக்கோ கொச்சிக்கோ போக வேண்டியதில்லை; அயற்கிராமத்துக் கங்காரியவை ஓர் இரவு கண்விழித்துப் பார்த்தாலே போதும்.