தேய்க்கப்பட்ட இசைத்தட்டும் சாப்பாட்டு மேசையும்

ஒரு இசைத்தொகுப்பைப் பற்றிப் பேசும்போது அதை ஆக்கியவர்களைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். கேட்டவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பது இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. ஆனால் சில ஆக்கங்களின் கதையே கேட்டவர்களின் கதைதான். பிரிஸ்டல் நகரத்து 'போர்ட்டிஸ்ஹெட்' குழு 1994 ஓகஸ்டில் வெளியிட்ட 'டமி' என்ற முதற் தொகுப்பு அப்படிப்பட்ட ஒன்று. அது வந்து முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அது வெளிவந்தபோது நாம் சின்னப் பிள்ளைகள். இன்றைக்கும் ஐரோப்பிய நகரங்களின் ரெஸ்ரோரன்ட்களில் இரவுச் சாப்பாட்டு நேரம் அது மெல்லிய சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. சமையலறைக் கதவு திறந்து மூடும் இடைவெளிகளில் கோப்பை கழுவுகிறவர்களுக்கும் அது துண்டு துண்டாக வந்து சேர்கிறது. நாமும் இதை முதலில் அப்படித்தான் கேட்டோம். முழுதாகக் கேட்டது பின்னர்தான்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். போர்ட்டிஸ்ஹெட் என்பது பிரிஸ்டலுக்கு அருகே கடலோரம் இருக்கும் சிறு பட்டினம். அங்கு வளர்ந்த ஜெஃப் பாரோ, மாஸிவ் அட்டாக் குழு தனது முதற் தொகுப்பைப் (1991) பதிவுசெய்த கூடத்தில் எடுபிடியாக வேலைசெய்தவர். பாடகி பெத் கிப்பன்ஸை அவர் சந்தித்தது, வேலையில்லாதவர்கள் சொந்தத் தொழில் தொடங்குவதற்கென அன்றைய பிரித்தானிய அரசு நடத்திய திட்டமொன்றின் வகுப்பில். பின்னர் ஜாஸ் கிற்றார் கலைஞரான ஏட்ரியன் அட்லி சேர்ந்துகொண்டார். ஆக, இதன் பிறப்பிடம் ஒரு கலைக்கல்லூரி அல்ல. உதவிப்பணக் காரியாலயத்தின் நிழல்தான்.

இவர்கள் கலந்தவை பல. ஹிப்-ஹொப்பின் தாளம், ஜாஸின் கிற்றார், அறுபதுகளின் ஒற்றர் படங்களுக்குரிய பின்னணி இசை, கறுப்பினத்தவரின் சோல் இசை. ஒரு பாட்டு, லாலோ ஷிஃப்ரின் 'மிஷன் இம்பொஸிபிள்' தொடருக்காக ஆக்கிய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சுழற்றுகிறது. கடைசிப் பாட்டு ஐசக் ஹேய்ஸின் 1971ஆம் ஆண்டுத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுக்கிறது. இதைவிட முக்கியமானது இன்னொன்று. இவர்கள் தாங்களே வாசித்ததைத் தட்டாக வெட்டி, அந்தத் தட்டைத் தரையில் போட்டு மிதித்துத் தேய்த்து, அந்தக் கீறல் சத்தத்தோடு திரும்ப எடுத்துப் பாவித்தார்கள். அதாவது, பழசு இல்லாத இடத்தில் பழசைச் செய்தார்கள்.

கேட்டவர்களிடம் மூன்று விதமான எதிர்வினைகளைக் காண்கிறோம்.

முதலாவது, 'இது போலி' என்பது. தேயாத தட்டைத் தேய்ப்பது வேஷம், புதுக் காற்சட்டையைக் கிழித்துப் போடுவதைப் போன்றது என்ற குற்றச்சாட்டு. இதை நாம் லேசாகத் தள்ளிவிட முடியாது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் பற்றரியும் இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிறவரின் கை களைத்தால் பாட்டு இழுபட்டுச் சோர்ந்துபோகும். அந்த இழுவையை எவரும் அழகுக்காகச் செய்யவில்லை. இடம்பெயர்ந்தபோது கொண்டுவந்த ஒலிநாடாக்களின் இரைச்சலும் அப்படித்தான். எனவே காசு கொடுத்துக் கீறலை வாங்குகிற சந்தையைப் பார்க்க நமக்கு ஒரு கசப்பு வருவது நியாயமே.

ஆனால் 'டமி'யைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது இந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. பழைய பாணியைத் தேடும் பொப் இசை பெரும்பாலும் 'அந்தக் காலம் நல்ல காலம்' என்று சொல்லும். இது அப்படிச் சொல்லவில்லை. அறுபதுகளுக்குத் திரும்பிப் போகலாம் என்ற ஆசை இதில் எங்கும் இல்லை. கீறல் சத்தம் இங்கே ஒரு தூரத்தைக் காட்டுகிறது. பாடுகிறவளுக்கும் அவள் இழந்ததற்கும் இடையில் எவ்வளவு காலம் கிடக்கிறது என்பதைக் காதுக்குத் தெரியவைக்கிறது. நினைவு என்பது பாவிக்கப் பாவிக்கத் தேய்கிற பொருள் என்பதை ஊரை விட்டு வந்தவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. தேய்வைச் செயற்கையாகச் செய்தார்கள் என்பது உண்மை. அதனாற் சொல்லப்பட்டது பொய்யல்ல.

இரண்டாவது எதிர்வினை, அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனது. 1995இல் மேர்க்குரிப் பரிசு கிடைத்தது. ஒயாசிஸின் முதற் தொகுப்பும் அந்த வருடப் போட்டியில் இருந்தது. அதன் பிறகு 'டமி' நடுத்தர வர்க்க வீடுகளின் விருந்து இசையாகிவிட்டது. இந்தப் பெயர் குழுவுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஆனால் ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பார்க்கவேண்டும். தாளம் மெதுவானது, பேச்சைக் குழப்பாது. குரல் தாழ்ந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டால் துயரம் வெறும் 'சூழல்' ஆகிவிடுகிறது. பாட்டில் ஒரு பெண் உடைந்துபோவதை அறியாமலே இரண்டாவது போத்தல் வைனைத் திறக்கலாம். இந்த மாற்றத்துக்கு வேண்டியது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தத் திருகி மட்டுமே.

இதற்குச் சாப்பிடுகிறவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அவர்கள் களைத்து வருகிறார்கள். ஆனால் ஒரு துன்பம் அழகாகச் சொல்லப்பட்டால் அது விரைவிலேயே தளபாடமாகிவிடும் என்ற ஆபத்தை 'டமி' நமக்குக் காட்டுகிறது. அகதி எழுத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. நம்முடைய கவிதைகளையும் ஓவியங்களையும் வெள்ளைக்கார நண்பர்கள் 'மிக அழகான சோகம்' என்று பாராட்டும்போது, எந்தச் சத்த அளவில் நம்மைக் கேட்கிறார்கள் என்று நாம் யோசிக்க வேண்டும். போர்ட்டிஸ்ஹெட் 2008இல் வெளியிட்ட மூன்றாவது தொகுப்பு கரடுமுரடானது, இடிக்கிறது, நடுவில் அறுகிறது. அதை வைத்துக்கொண்டு எவரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. விருந்து மேசைக்கு அதைவிடத் தெளிவான பதில் இருக்கமுடியாது என்றே நாம் வாசிக்கிறோம்.

மூன்றாவது, பெயர் சூட்டல். பத்திரிகைகள் இதற்கு 'ரிப்-ஹொப்' என்று பெயர் வைத்தன. பிரிஸ்டல் கலைஞர்கள் பலர் அந்தப் பெயரை விரும்பவில்லை. அதில் நியாயம் உண்டு. பிரிஸ்டல், அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம். 1963இல் அங்குள்ள பஸ் கம்பனி கறுப்பினத்தவரையும் ஆசியரையும் பஸ் ஊழியர்களாகச் சேர்க்க மறுத்தபோது பஸ் பகிஷ்கரிப்பு நடந்தது. 1980இல் சென்ற் போல்ஸ் பகுதியில் ஒரு கபேயைப் பொலிஸார் சோதனையிட்டதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. இந்தப் பகுதிகளில் கரீபியக் குடியேறிகள் வளர்த்த 'சவுண்ட் சிஸ்டம்' பண்பாட்டிலிருந்துதான் எண்பதுகளின் வைல்ட் பஞ்ச் குழுவும், பிறகு மாஸிவ் அட்டாக்கும் வந்தன. புதுப்பெயர் இந்த வேர்களை மறைத்து, எல்லாம் 1994இல் முளைத்ததுபோல் ஆக்கிவிட்டது.

போர்ட்டிஸ்ஹெட்டின் மூவரும் வெள்ளையர். அதே வருடப் பரிசுப் போட்டியில், ஜமேக்கத் தந்தைக்குப் பிறந்த பிரிஸ்டல்காரரான ட்ரிக்கியும் இறந்துபோன தன் தாயின் பெயரிட்ட தொகுப்போடு இருந்தார். ஐசக் ஹேய்ஸின் அதே துண்டை இருவருமே பாவித்திருந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒன்றில் அந்தத் துண்டின் மேல் ஒரு பெண் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்கிறாள். மற்றதில் ஒருவன் அதே துண்டுக்குள் முணுமுணுத்தபடி புதைகிறான். எது மேல் என்ற தீர்ப்பு நமக்கு வேண்டாம். ஆனால் எது சாப்பாட்டு மேசைக்கு எளிதாகப் போனது என்பதைக் கவனிக்கலாம். 'டமி' திருடியது என்று நாம் சொல்லவில்லை. குடியேறிகளின் தெருவிலிருந்து வந்த முறையொன்று பரிசாகவும் விருந்தாகவும் மாறும் பாதையில் யார் யாருடைய பெயர்கள் உதிர்கின்றன என்பதே நமது கேள்வி.

பெத் கிப்பன்ஸ் ஆரம்பத்திலிருந்தே பேட்டிகளைத் தவிர்த்து வந்தார். பலர் இதை 'மர்மம்' என்று கொண்டாடினார்கள். மர்மம் எதுவுமில்லை என்றே நாம் நினைக்கிறோம். தன் கதையை அதிகாரிகளுக்கும் சட்டத்தரணிகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு முறை ஒழுங்காகச் சொன்ன பிறகு விளக்கம் கேட்கப்படுவது எவ்வளவு களைப்பு என்று. சொல்ல வேண்டியதை அவர் பாட்டில் சொல்லிவிட்டார். மிச்சம் கேட்கிறவரின் பொறுப்பு.

வாசகர்களிடம் ஒன்றே ஒன்று. இத்தொகுப்பை நீங்கள் வேலைசெய்யும் இடத்தில் ஏற்கெனவே நூறு தரம் கேட்டிருக்கக்கூடும். அதைக் கேட்டதாகக் கணக்கில் எடுக்கவேண்டாம். ஒரு லீவு நாளில், சத்தத்தைக் கூட்டி, பதினொரு பாட்டையும் வரிசையாகக் கேளுங்கள். பிடிக்காமற் போகலாம். ஆனால் அது பின்னணி இசையல்ல என்பது மட்டும் நிச்சயம் விளங்கும்.