முன்குறி ஆடும்போது

கைத்துப்பாக்கியில் குண்டுகள் திடீரென்று ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கினால் முதல் பழி விரலுக்கு, அடுத்த பழி தோட்டாவுக்கு. துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடின் நுனியில் நிற்கும் முன்குறியைக் கடைசியில்தான் சந்தேகிப்பார்கள். கிளாக் 19 போன்ற கையடக்க பிஸ்டலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறக்குறைய 153 மில்லிமீட்டர்தான். முன்குறி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே 15 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கு அட்டையில் குண்டு 5 சென்டிமீட்டர் விலகிவிடும். அதுவும் எதிர்ப்பக்கமாக: முன்குறி வலப்புறம் நழுவினால் குண்டு இடப்புறம் போகும்.

துப்பாக்கி பழுதுபார்க்கும் கைதேர்ந்த ஆர்மரர் இந்தக் கோளாறைத் தேடும் விதமே ரசிக்கத்தக்கது. மேகசினைக் கழற்றி, அறையில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டுதான் ஸ்லைடைப் பிரிப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் முன்குறியைத் தள்ளிப் பார்ப்பார். பக்கவாட்டில் வழுக்குகிறதா, நின்ற இடத்திலேயே திரும்புகிறதா, மேலும் கீழும் ஆடுகிறதா? கருவியை எடுப்பதற்கு முன்பே பாதி நோய் தெரிந்துவிடும்.

மேலும் கீழும் ஆடினால் அது பெரும்பாலும் பழைய முறையில் பொருத்திய குறி. ஜான் பிரௌனிங் வடிவமைத்த எம்1911 பிஸ்டலில் முன்குறிக்கு அடியில் ஒரு சிறு கால் உண்டு. அதை ஸ்லைடின் துளைக்குள் இறக்கி, உட்புறத்தில் அடித்து விரித்துவிடுவார்கள், ரிவெட் வேலைதான். சுடும்போதெல்லாம் ஸ்லைடு பின்னால் பாய்ந்து மோதி, முன்னால் திரும்பி மோதுவதில் அந்த விரிப்பு தளரும். ஒருநாள் குறி பறந்தே போகும். பிற்காலத்தில் அந்தக் காலை அகலமாக்கியது சும்மா இல்லை.

நின்ற இடத்திலேயே திரும்பினால் திருகு. கிளாக்கில் ஸ்லைடின் அடியிலிருந்து ஏறும் பொடித் திருகுதான் முன்குறியைப் பிடித்திருக்கிறது. 3/16 அங்குல மெல்லிய சாக்கெட் இருந்தால் போதும், வலுக்காட்ட வேண்டியதில்லை. காட்டினால் மரை போய்விடும். மரைக்கு ஒரு துளி லாக்டைட். வெர்னன் க்ரீபிள் என்ற அமெரிக்க வேதியியல் பேராசிரியர் 1950-களில் வளர்த்தெடுத்த இந்தத் திரவம் காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை இறுகாது; உலோக இடுக்கில் காற்றில்லாமல் சிக்கினால்தான் இறுகும். எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் சரியாகப் பிடிக்காது. துடைப்பதில் சோம்பிவிட்டு லாக்டைட்டைத் திட்டுபவர்கள் ஏராளம். நீல நிற வகையே போதும், பிறகு கழற்றவும் முடியும். ஒரு நாள் தொடாமல் வைக்க வேண்டும். சில பிளாஸ்டிக்குகளில் அது விரிசல் விழச் செய்யும் என்பதால் பிளாஸ்டிக் குறியில் வழியவிடக் கூடாது.

என் மனம் லயிப்பது பக்கவாட்டில் வழுக்கும் டவ்டெயிலில். மேலே குறுகி அடியில் அகன்ற காடி ஸ்லைடில். அதே சாய்வில் முன்குறியின் அடி. திருகு கிடையாது, ஆணி கிடையாது. இரண்டு சாய்வுகளின் இறுக்கமே பிடிமானம். ஆர்மரர் முன்குறியின் அடியில் நீலச் சாயம் பூசிக் காடிக்குள் நுழைப்பார். வெளியே எடுத்தால் உரசிய இடம் பளபளக்கும். அங்கே மட்டும் அரம், இரண்டே இழுப்பு. மறுபடி சாயம், மறுபடி பார்வை. அவர் பிடித்திருக்கும் முக்கோண அரத்தில் ஒரு முகம் பல்லின்றி மழுமழுவென்று இருக்கும். சாய்வை ராவும்போது அடித்தளம் கெடாமலிருக்க அந்த ஏற்பாடு. ராவுவது எப்போதும் குறியைத்தான். குறி கெட்டால் வேறொன்று வாங்கலாம். ஸ்லைடு கெட்டால் செலவு கையைக் கடிக்கும். மூன்றில் ஒரு பங்கு கைவிசையிலேயே உள்ளே போக வேண்டும். மிச்சத்துக்குப் பித்தளைப் பஞ்ச், சிறு சுத்தியல், நிதானமான தட்டல்.

காடியே தேய்ந்து அகன்றிருந்தால்? அதன் அடியில் கூர்முனைப் பஞ்சால் குத்திக் குத்திப் புள்ளி எழுப்புவது பரவலான வழக்கம். எனக்கு அது பிடிக்காது. அந்தப் புள்ளிகள் சீக்கிரமே நசுங்கிவிடும், அடுத்தவர் வேலைக்கும் தொல்லை. மெல்லிய பித்தளைத் தகடு வைப்பது கௌரவமான வழி. சற்றே பெரிய அடியுள்ள குறியை வாங்கி ராவிப் பொருத்துவது அதைவிட மேல்.

எல்லாம் முடிந்ததும் குறியும் ஸ்லைடும் சேரும் இடத்தில் மெல்லிய பெயின்ட் கோடு ஒன்று இழுப்பார். சுட்டுப் பார்த்தபின் கோடு முறிந்திருந்தால் வேலை திரும்பவும் மேசைக்கு வரும். இருட்டில் ஒளிரும் டிரிட்டியம் குறியானால் கை இன்னும் மெதுவாகும்; உள்ளே இருப்பது கண்ணாடிக் குழாய். சுத்தியல் அடியும் சூடும் அதற்கு ஆகாது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு. ஒளி பாதியாக மங்கிய அவ்வளவு பழைய குறி ஆடிக்கொண்டு வந்தால், இறுக்குவதை விட்டுப் புதிதாக ஒன்று வாங்கிவரச் சொல்லிவிடுவார்.