இரும்புக்கை மாயாவி: கறுப்பு வெள்ளையில் ஓர் அறக்கதை

துப்பறியும் கதை இலக்கியமாகுமா என்னும் வினா பழையது. சித்திரக்கதையைப் பொறுத்தவரை அவ்வினாவை எழுப்புவாரும் அரியர். பாடநூலுள் மறைத்து மாணவர் அதனைப் படித்தலும், ஆசிரியர் கண்டு பறித்தலும் பள்ளிகளில் வழக்கமாயின. பறித்தவர் அதன் பக்கங்களைப் புரட்டினாரா என்பதே ஆராயத்தக்கது.

இரும்புக்கை மாயாவி அத்தகைய ஆராய்ச்சிக்கு உரிய தொடர். இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டு ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழுடன் அது பிறந்தது. முதற்கண் கென் புல்மரும் பின்னர் டாம் டல்லியும் கதை எழுத, ஸ்பானிய ஓவியர் ஜெசூஸ் பிளாஸ்கோ சித்திரம் வரைந்தார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது, இக்கதையே அதன் முதல் வெளியீடாயிற்று.

ஆய்வுகூட உதவியாளன் லூயிஸ் கிராண்டேல் விபத்தொன்றில் வலக்கையை இழந்து இரும்புக்கை பெறுகின்றான். பின்னர், மின்சாரம் உடலிற் பாயுந்தோறும் அவன் உருவம் மறைகின்றது; இரும்புக்கை மட்டும் மறைவதில்லை. அவ்வாற்றலும் சிறிது பொழுதே நிலைப்பது. முதலிற் குற்றவழியிற் செல்லும் அவன், பின்னர் நிழற்படை என்னும் உளவமைப்பிற் சேர்ந்து தீயோரைத் தேடிப் பிடிக்கின்றான்.

ஆங்கிலப் பெயர் இரும்பு நகத்தை மட்டுமே சுட்டுவது. ‘மாயாவி’ என்பது தமிழ் தந்த பெயர். அப்பெயர் இராமகாதையில் வாலிக்கு அஞ்சிக் குகையுட் புகுந்த அசுரனுக்கு உரியது. மறைந்து நின்று போர்செய்யும் இந்திரசித்தனும் அறத்தின் பக்கத்தவன் அல்லன். மறைதலை ஐயத்தோடு நோக்கும் மரபில் வந்த வாசகனுக்கு, மறையும் ஒருவன் நாயகனாதல் புதுமையன்றோ? காண்பார் இல்லாதபோது மனிதன் எவ்வாறு ஒழுகுவான் என்னும் வினாவை அப்பெயரே எழுப்பிவிடுகின்றது. கிரேக்க ஞானி பிளேட்டோ, அணிந்தாரை மறைக்கும் மோதிரக்கதையால் எழுப்பிய வினாவும் இதுவே.

1939இல் ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ இதழில் தோன்றிய பேட்மேனும் துப்பறிபவனே. ஆயின் அவன் செல்வன். முகமூடியைத் தானே தேர்ந்தவன். கிராண்டேலின் ஆற்றலோ இழப்பின் வழி வந்தது. உடல் முழுதும் மறைந்தும் இழப்பின் அடையாளம் மறையாது நிற்றலே இப்படைப்பின் உயிர்நிலை. பகைவர் அவனைக் காண்பதும் அதனாலேயே.

இத்தொடருக்குக் கறுப்பு வெள்ளை குறையன்று. மாத்தளை அலுவிகாரையில் ஏட்டிலெழுதுவோர் எழுத்தாணியாற் கீறிய வரிகள் கரிமை பூசிய பின்னரே தெளிவுறக் காண்கின்றன. பிளாஸ்கோவின் ஓவியத்தில் இம்முறை மாறி நிற்கின்றது. மை தீட்டப்பெற்றது கை மட்டுமே. மனிதன் நிற்குமிடம் மையின்றி விடப்படுகின்றது. அவ்விடத்தை நிரப்புவது வாசகனின் கற்பனை. வண்ணங்கள் செறிந்த பக்கத்தில் அவ்வெறுமைக்கு இத்துணை வலிமை வாய்த்தல் அரிது.

குறைகளும் உள. தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி. வில்லர்களின் இயந்திரங்கள் நம்பகத்தன்மையை மீறுவன. பிற்காலத்தில் நாயகன் வீர உடை தரித்தபோது தொடரின் தனித்தன்மை குன்றிற்று. குற்றமும் திருத்தமும் ஒருங்கே கொண்ட மனிதன், ஏனைய வீரருள் ஒருவனாய்ச் சுருங்கிவிட்டான்.

எனினும், பக்கம் கறுப்பு வெள்ளையாயினும் மனிதன் அவ்வாறு பிரிபடான் என்பதை இத்தொடரின் தொடக்கக் கதைகள் உணர்த்துகின்றன. மேற்பார்வையாளர் அகன்ற தேர்வு மண்டபத்தில் மாணவன் எதிர்கொள்வதும் இவ்வினாவையே. அந்நூலைப் பறிக்கும் ஆசிரியர் ஒழுக்கம் பற்றிய நல்லதொரு பாடத்தையும் உடன் பறித்துவிடுகின்றார். “கை மட்டும் ஏன் மறையவில்லை?” என்று அம்மாணவனிடம் வினவுவாராயின், பாடம் அங்கேயே தொடங்கும். பறித்தல் எளிது, படிப்பித்தலே அரிது.