புனைபெயருக்குள் ஒரு தாய்

புனைபெயர் பெரும்பாலும் ஒரு திரை. எழுதுவோரை மறைப்பதற்கென்றே இடப்படுவது. ஆனால் 1859-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெளிவந்த ஒரு புதினத்தில் அது குற்றச்சாட்டாக நிற்கக் காண்கிறோம். நூலின் தலைப்பு ‘எங்கள் நிக்’ எனப் பொருள்படும். ‘நிக்’ என்பது கறுப்பினத்தாரை இழித்துரைக்கும் சொல்லின் குறுக்கம். ஆசிரியர் பெயர் வரவேண்டிய இடத்திலும் அதுவே அச்சாகியிருந்தது.

கதை எளியது. ஆறு வயதில் தாயால் கைவிடப்பட்ட ஃபிராடோ என்னும் சிறுமி, வெள்ளையர் வீடொன்றில் அடியும் வசையும் ஏற்று உழைத்துத் தேய்கிறாள். அவ்வீடு இருப்பதோ வடபுலத்தில். அடிமைக் கொடுமை தெற்கிற்கே உரியது என எண்ணியிருந்தோர்க்கு இந்நூல் இனித்திருக்க இயலாது. நூற்றாண்டுக்கு மேல் அது மறதியில் கிடந்தது.

பதிப்புரிமைப் பதிவில் ‘திருமதி எச். இ. வில்சன்’ என்றிருந்தும், எழுதியவர் வெள்ளையரே எனக் கருதியோர் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் ஆவணங்களைத் துருவி, அவர் ஹாரியட் வில்சன் என்னும் கறுப்பினப் பெண்மணி என நிறுவினார். 1983-இல் நூல் மறுபதிப்புப் பெற்றது.

சான்றுகளுள் தலையாயது ஒரு சிறுவனின் இறப்புப் பதிவு. தம்மையும் தம் குழந்தையையும் காக்கவே எழுதத் துணிந்ததாக முன்னுரையில் அத்தாய் கூறுகிறார். நூல் வெளிவந்த ஆறு திங்களுக்குள், 1860-இல், ஏழு வயது மகன் ஜார்ஜ் மறைந்தான். நூலால் மகனைக் காக்க இயலவில்லை. மகனின் இறப்புப் பதிவு தாயின் பெயரை மீட்டுத் தந்தது.

பெயர் தெரிந்ததால் நூலில் ஓரெழுத்தும் மாறிவிடவில்லை. இறுதிப் பகுதி அவசரமாக முடிவது இன்றும் குறையே. ஆயினும் நம் வாசிப்பு மாறுகிறது. பிறர் இரங்கி எழுதிய கதையெனத் தோன்றியது, பட்டவரே அளித்த சாட்சியமாகிறது. தம்மை இழித்தழைத்த சொல்லையே கையொப்பமாக்கிய துணிவும் அப்போதுதான் விளங்குகிறது.

ஊர்விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களிலும், அடுப்படி வேலை முடிந்தபின் எழுதி, புனைபெயருக்குள் ஒதுங்கிய தாய்மார் உண்டு. வீட்டுப் பரணில் பழைய மலர் இருப்பின் எடுத்துப் பாருங்கள். எழுதியவர் யாரென அறிந்தோர் இருக்கும்போதே, அவர் இசைவோடு, புனைபெயரின் அருகே இயற்பெயரையும் எழுதி வைப்போம். பின்னாளில் அதைத் தேடுவோர்க்கு ஓர் இறப்புப் பதிவுதான் வழிகாட்ட வேண்டுமென்பதில்லை.