புழுதி அடங்கியபோது

ஸ்பெயின் கோல்கீப்பர் ரிக்கார்டோ ஸமோரா என்றால் பலருக்கும் அந்தத் தொப்பியும் கழுத்து மூடிய ஸ்வெட்டரும்தான் நினைவு. எனக்கு மெஸ்தாயா மைதானம், 1936 ஜூன் 21. ஸ்பானியக் கோப்பை இறுதியாட்டம் முடியப்போகிறது; ஸமோரா கோல் காக்கும் மாட்ரிட் 2, பார்சிலோனா 1. பார்சிலோனாவின் எஸ்கோலா தாழ்வாக, கம்பத்தை ஒட்டி அடிக்கிறார். காய்ந்த தரை. எழும்பிய புழுதியில் கோல் வாயே மறைந்துபோகிறது. உள்ளே போய்விட்டது என்றே கூட்டம் நினைத்தது. புழுதி அடங்கினால், மனிதர் சலனமில்லாமல் நிற்கிறார், பந்து கையில்.

பாய்ந்ததை விடுங்கள், எவரும் பாய்வார். பந்தோடு எழுந்து நின்றாரே, அது! அந்தப் புகைப்படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன், கணக்கில்லை. ஒரு மாதத்துக்குள் உள்நாட்டுப் போர். ஸமோரா மாட்ரிட் சிறையில். செத்தே போனார் என்றுகூட செய்தி வந்தது.

யார் பெரிய கோல்கீப்பர் என்ற பேச்சு வந்தால், சோவியத்தின் யாஷின் கட்சி நண்பர் ஒருவர் உடனே யாஷின் வாங்கிய பலோன் தோரை நீட்டுவார். அது 1956இல் பிறந்த விருது ஐயா. அதற்கு வெகுமுன்பே ஸமோரா இரண்டு லீக் பட்டம் வாங்கிய கோச். 1931இல் லண்டன் ஹைபரி மைதானத்தில் ஸமோரா காத்த கோலில் இங்கிலாந்து ஏழு கோல் திணித்ததை நண்பர் கிளறுவார். திணித்தது உண்மைதான்.

கோச் ஸமோராவை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆற்றாமை. போர் முடிந்து விமானப்படை அணியோடு இணைந்த அத்லெதிகோ அவியாசியோன், 1936இல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கிய அணி. ஓவியேதோ அணியின் மைதானம் போரில் சிதைந்து ஓர் இடம் காலியாக, ஓசாசுனாவை வென்று உள்ளே வந்தது. அப்படி வந்த அணிக்கு 1940இலும் 1941இலும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவர் பேரில் இருக்கும் விருது, குறைவாக கோல் விடும் கோல்கீப்பருக்கு. அவரது கோச் வேலைக்கு ஒரு கேடயம்கூடக் கிடையாது!

இப்போது கோல்கீப்பரின் கால்தான் பேச்சு. எத்தனை பாஸ், எவ்வளவு துல்லியம். கையோ, வருகிற பந்தையெல்லாம் தட்டிவிடுகிறது. க்ளவுஸ் என்னவோ தலையணை மாதிரி. தட்டியதற்கும் கைதட்டல், பின்னாடியே கார்னர்.

பள்ளியில் நானும் கோல்கீப்பர்தான். கம்பத்தடியில் புல் முளைக்காத பள்ளம், வாய் நிறைய மண். நான் தட்டிவிடும்போதெல்லாம் டிரில் மாஸ்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவார்: “விழு, வேணாங்கல. எந்திரிக்கும்போது பந்து எங்கடா?”