நிழலுக்குக் கட்டிய மாளிகை

வீடு இருந்தது, அதைப் படம் பிடித்தனர். இது இயல்பு. படம் இருந்தது, அதற்கேற்ப வீட்டை இடித்துக் கட்டினர். இது புதுமை! அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஸ்டூடியோ சிட்டி எனும் பகுதியில் நடைபெற்ற இந்தப் புதுமையைத்தான், ‘எ வெரி பிரேடி ரெனவேஷன்’ என்ற தொலைக்காட்சித் தொடர் 2019-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் காட்டத் தொடங்கிற்று. வீடு புதுப்பிக்கும் காட்சியிலே திறனாய்வுக்கு என்ன இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டா. செங்கல்லையும் சாந்தையும் காட்டும்போதே, ஒரு சமுதாயம் எதைப் போற்றுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்பதையும் அது காட்டிவிடுகிறது.

முதலில் வரலாறு. ‘தி பிரேடி பன்ச்’ என்பது 1969 செப்டம்பர் 26 முதல் 1974 மார்ச் வரை ஏபிசி நிறுவனம் ஒளிபரப்பிய குடும்பக் கதை. 117 பகுதிகள். படைத்தவர் ஷெர்வுட் ஷ்வார்ட்ஸ். மனைவியை இழந்த மைக் பிரேடி, கட்டடக் கலைஞர். அவருக்கு மூன்று மகன்கள். கரோல் எனும் பெண்மணிக்கு மூன்று மகள்கள். இருவரும் மணந்துகொள்கின்றனர். ஆறு பிள்ளைகளும், ஆலிஸ் என்ற பணிப்பெண்ணும் சேர்ந்து ஒன்பது பேர் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர்.

எந்தக் கூரை? அங்கேதான் வேடிக்கை! 1959-இல் கட்டப்பட்ட அந்த வீட்டின் வெளிப்புறம் மட்டுமே படத்தில் வந்தது. உள்ளே நடந்ததாக நாம் கண்டவை அனைத்தும் பாரமவுண்ட் படப்பிடிப்பு நிலையத்தில் அமைக்கப்பட்ட அரங்கிலே நடந்தவை. வெளியே தெரிந்த வீட்டுக்கும் உள்ளே தெரிந்த வீட்டுக்கும் உறவே இல்லை. அரங்கிலே மாடிப்படி உண்டு, மாடி அறைகள் உண்டு. உண்மை வீட்டிலோ அத்தகைய மாடி இல்லை. ஆகவே, மாடி இருப்பதாக மக்கள் நம்பும்பொருட்டு, வெளிச்சுவரில் பொய்ச் சன்னல் ஒன்றை மாட்டிப் படம் எடுத்தனர். அரங்கின் கொல்லையிலே முளைத்ததும் செயற்கைப் புல். ஆறு பிள்ளைகளுக்கும் பொதுவான குளியலறையைக் காட்டினார்கள். அதிலே கழிப்பிடம் இருப்பதைக் காட்டவே இல்லை. நாகரிகம் தடுத்ததாம்! தலைவர் கட்டடக் கலைஞர். அவர் வீட்டிலே கழிப்பிடம் கண்ணுக்குப் படாது. அரங்கம் படைத்த அற்புதங்களில் அதுவும் ஒன்று.

ஆண்டுகள் உருண்டன. 1973-இல் 61,000 டாலருக்கு விலை போன அந்த வீடு, 2018-இல் 18 இலட்சத்து 85 ஆயிரம் டாலர் விலை குறிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. போட்டி மூண்டது. எச்ஜிடிவி என்ற தொலைக்காட்சி நிறுவனம் 35 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கிற்று. அன்று பிள்ளைகளாக நடித்த அறுவரும் முதியோராகத் திரும்பி வந்தனர், சுத்தியல் ஏந்தினர், சுவர் இடித்தனர். அரங்கில் இருந்ததெல்லாம் இனி வீட்டிலும் இருக்க வேண்டும் என்பதே திட்டம். தெருவிலிருந்து பார்ப்போர் கண்ணுக்கு முகப்பு மாறிவிடக் கூடாது. ஆகவே பின்புறத்திலே ஏறத்தாழ 2,000 சதுர அடி கூடுதலாகக் கட்டினர். மாடிப்படி வந்தது. அதனருகே நின்ற குதிரைச் சிலையும் வந்தது. செம்மஞ்சள் நிறச் சமையல் மேடையும் வந்தது.

உழைத்தவர்களின் திறமையை நாம் குறைத்துப் பேசோம். அரங்கம் என்பது மூன்று சுவரில் நிற்பது. நான்காவது பக்கம் படப்பெட்டிக்கு உரியது. கூரை வேண்டுவதில்லை, விளக்குகள் அங்கே தொங்கும். தூண் தாங்க வேண்டுவதில்லை. தாங்குவதற்குப் பளுவே இல்லை. அப்படிப்பட்ட பொய்யை, மழைக்கும் நிலநடுக்கத்துக்கும் அஞ்சாத மெய்யாக்க வேண்டுமென்றால் கொத்தனும் தச்சனும் எத்துணை அறிவு செலுத்தியிருக்க வேண்டும்! பழைய படத்தைப் பார்த்தே அளவெடுத்து, துணியின் பூவேலை முதல் அலமாரிப் பொருள் வரை தேடித் தேடிச் சேர்த்த உழைப்பு, பாராட்டுக்குரியது. தொடரிலே நம்மைக் கட்டி நிறுத்துவதும் அந்தக் கைத்திறன்தான்.

ஆனால் கைகள் செய்த வேலையைப் பாராட்டுகிற நாம், அந்தக் கைகளை ஏவிய கருத்தைக் கேள்வி கேட்காமல் விடலாமா? பாறையில் ஒரு பள்ளம். அது கடவுளின் காலடி என்று ஒரு புராணம். பிறகு புராணத்துக்குப் பொருந்தும்படி பள்ளத்தையே உளியால் செதுக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே நடந்தது. தலபுராணத்துக்கு ஏற்பத் தலம் திருத்தப்பட்டது! பொய்ச் சன்னல் உண்மையானதா என்று கேட்டிருக்க வேண்டிய உலகம், பொய்ச் சன்னலுக்குப் பின்னால் அறை கட்டிக் கொடுத்துப் பூரித்து நிற்கிறது.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தக் கதையின் உயிர், மாடிப்படியிலா இருந்தது? மறுமணத்திலே இருந்தது! மூன்று மகள்களுடைய பெண்ணொருத்தி மீண்டும் மணம் செய்துகொண்டு, தலை நிமிர்ந்து, மகிழ்ச்சியாக வாழலாம் என்று வாரந்தோறும் வீட்டுக் கூடத்திலே வந்து சொன்ன கதை அது. சீர்திருத்தம் விரும்புவோர் வரவேற்கத்தக்க கதை. ஆயினும், அந்தப் பெண் முதற் கணவனைப் பிரிந்தது எவ்வாறு? மணவிலக்குப் பெற்றவள் என்றே சொல்ல நினைத்தார் ஷ்வார்ட்ஸ். ஒளிபரப்பு நிறுவனம் ஒப்பவில்லை. மைக் மனைவியை இழந்தவர் என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. கரோலின் கடந்த காலமோ சொல்லப்படாமலே விடப்பட்டது. ஆணின் வரலாற்றுக்கு விளக்கம். பெண்ணின் வரலாற்றுக்குத் திரை!

காலத்தைக் கவனியுங்கள். அதே 1969 செப்டம்பரில்தான், அதே கலிபோர்னியாவிலே, குற்றம் சாட்டிக்கொள்ளாமலே மணவிலக்குப் பெற வழிசெய்யும் சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்திட்டார். 1970 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றம் உரக்கச் சொன்ன சொல்லைத் தொலைக்காட்சி முணுமுணுக்கவும் அஞ்சிற்று. வீட்டைப் புதுப்பித்தவர்கள் கம்பளத்தின் நிறத்தைக்கூடத் தவறவிடவில்லை. அந்த அச்சத்தின் கதையன்றோ தொடரின் நடுவிலே நின்றிருக்க வேண்டும்? கதவின் கைப்பிடிக்குக் கிடைத்த கவனம், கரோலின் வாய்ப்பூட்டுக்குக் கிடைத்திருக்க வேண்டாமா?

இன்னொன்றும் கேட்போம். இனிய இல்லம் என்று கோடிக்கணக்கானோர் கண்ட அந்தப் புறநகர்க் கனவிலே, யாருக்கு இடம் இருந்தது? வீடு விற்போர் நிறம் பார்த்து ஒதுக்கலாகாது என்று கலிபோர்னியா 1963-இல் சட்டம் இயற்றிற்று. 1964-இல் வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் வாக்களித்து அதைச் செல்லாததாக்கினர். அந்த முடிவை 1967-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1968-இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், நாடு முழுமைக்குமான வீட்டுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் வந்ததுதான் பிரேடி குடும்பம். தெருவிலே நடந்த போராட்டத்தின் ஓசை அந்தக் கூடத்துக்குள் மெல்லவே கேட்டது. பழைய நாளை நினைத்து உருகுவோர், அந்த நாளிலே கதவு சாத்தப்பட்டோரையும் நினைக்க வேண்டும். நினையாத உருக்கம், பாதி உருக்கமே.

மக்கள் ஏன் உருகுகிறார்கள் என்பதை நாம் அறியாமலில்லை. தாய் தந்தை பூசலிட்ட வீட்டிலே வளர்ந்த பிள்ளை, தந்தை வேலையிழந்து வாடிய வீட்டிலே வளர்ந்த பிள்ளை, அரை மணி நேரம் அந்தப் படத்துக்குள் குடியேறி ஆறுதல் பெற்றிருக்கும். அந்த ஏக்கத்தை எள்ளி நகையாடோம். அறுவரும் அந்தக் கூடத்திலே நின்று கண் கலங்கும்போது நம் கண்ணும் கலங்கத்தான் செய்கிறது. அவர்கள் இழந்தது வீட்டையன்று, இளமையை. இளமையைக் கட்டித்தரக் கொத்தன் இல்லை.

முடிவு என்ன ஆயிற்று? 2023-இல் 55 இலட்சம் டாலர் கேட்டு, 32 இலட்சத்துக்கு விற்றார்கள். வாங்கும்போது கொடுத்த விலைகூடத் திரும்பவில்லை. கட்டிய செலவோ தனி. ஆறு பிள்ளைகள் ஓடியாடிய வீடு என்று உலகம் நம்பியது. அவர்கள் வாழ்வதற்கென்று இத்தனை அறைகள் கட்டிய பின்னும் அது காட்சிப் பொருளாகவே நின்றது.

வீடென்பது சுவரன்று, அதனுள் வாழ்வோர்க்குக் கிடைக்கும் உரிமை. முகப்பு மாறாமல் உள்ளே மாற்றிக் கட்டும் வித்தையை அந்தத் தொடர் நன்றாகவே கற்பித்தது. நாம் வேண்டுவது அதற்கு நேர்மாறான வித்தை. முகப்பு மாறினும் மாறுக! உள்ளே, பெண் தன் வரலாற்றைத் தானே சொல்லும் துணிவும், எவர்க்கும் அடைக்காத கதவும் இருக்கட்டும். அத்தகைய வீட்டைக் கட்டும்போது படமெடுக்க வாருங்கள். நாமும் சுத்தியல் ஏந்தி வருகிறோம்.